வாசலில் நின்றவர்கள்

எண்பத்தாறு வயசில் எனக்கு எல்லாமே அலுப்புதான். கட்டிலைவிட்டு எழுந்து பல மாசமாச்சு. எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளின காலமெல்லாம் யூனியன்காரர் சொன்ன சின்னத்துக்கு ஓட்டுப் போட்டேன். அதுக்கப்புறம் மகன் சொன்ன சின்னத்துக்கு.

இந்தத் தேர்தலில், நடக்க முடியாதவர்களிடம் ஓட்டு வாங்க அதிகாரிகள் தொழிலாளர் வரிசையில் இருக்கும் எங்கள் லயத்து வீட்டுக்கே வந்தார்கள்.

"அம்மாவுக்குக் கண்ணு சரியில்ல, நானே போட்டுடுறேன்" என்றான் மகன்.

"அத அம்மா சொல்லட்டும்" என்றாள் வந்தவர்களில் ஒரு பெண் அதிகாரி.

"எனக்குக் கண்ணு தெரியுதுப்பா. நீங்கள்லாம் கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றேன்.

கேட்காமலே உள்ளே வந்து என் நைட்டியை மாற்றி, ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகிற என் வீட்டு ஆட்கள், அன்று சாரலில் வாசலில் காத்து நின்றார்கள். நான் வேண்டுமென்றே மெதுவாகத்தான் ஓட்டுப் போட்டேன்.

யாருக்குப் போட்டேன் என்று மகன் இன்னமும் கேட்கிறான். அலுப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.