ஷெட்டில் நின்ற காரும் எலி மெஷினும்

பிள்ளைங்களா, நம்ம வீட்டு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி தொங்குகிறதே, சிவப்பில் ஒரு கிளிப்பும் கறுப்பில் ஒரு கிளிப்புமாக, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போன வாரம் பழைய சாமான்காரர் வந்தபோது உங்கள் அம்மா அதையும் எடுத்துப் போடப் பார்த்தாள். நான் சத்தம் போட்டுவிட்டேன். "அது இன்னா தங்கமா?" என்று கேட்டாள். பாப்பா, நீயும் "நம்மகிட்ட காரே இல்ல, கார் சார்ஜர் எதுக்குப்பா"ன்னு கேட்டே. அப்போது எனக்குப் பதில் வாயில் வரவில்லை. எழுதினால் வரும் போல இருக்கிறது. எட்டாவதோடு நின்றவன் எழுதுவது. தப்பு இருந்தால் திருத்திப் படியுங்கள்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் நான் டிரைவராக இருந்த வீடு உங்களுக்குத் தெரியும். தம்பி, நீதானே பள்ளிக்கூடத்தில் "எங்கப்பா நிக்கிற காரை ஓட்டுறாரு"ன்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தவன். பொய் இல்லை. அப்படித்தான் ஓட்டினேன்.

அந்த வீட்டில் அய்யா, அம்மா, அவர்களுடைய ஒரே மகன். மகனை நான் சின்னவர் என்பேன். அவர் என்னை அண்ணா என்பார். கோயிலுக்கும் பாங்குக்கும் போகிற பெரிய வண்டியை நான் ஓட்டினேன். சின்னவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கின இன்னொன்று ஷெட்டில் நின்றது. சிவப்பு. ரெண்டே சீட்டு. இன்ஜின் பின்னால், டிக்கி முன்னால். ஆள் உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கேட்டுக்கு வெளியே மழைத்தண்ணி கால்வாய் மேல் போட்ட மேட்டில் அதன் வயிறு உரசும். அதனால் அது வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் நான் ரெண்டு பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் எடுப்பார். மற்ற நாளில் இந்த ஊர் ரோட்டில் அதை எங்கே ஓட்டுவது.

அய்யா அதில் ஏற மாட்டார். "தரையில உக்காந்து போறதுக்கு நான் பாயை விரிச்சுப் படுத்துக்குவேன்" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன தோன்றியதோ, சரி என்றார். சின்னவர் வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்து, "ரெண்டு சீட்டுதாம்மா. இந்த வாரம் அப்பா, அடுத்த வாரம் நீ" என்றார். "எனக்கு எதுக்குடா அந்த வெடிச்சத்தம்" என்று அம்மா சொன்னாலும் முகம் சிரித்தது.

கிளம்பும்போது சின்னவர் வண்டி மீட்டரில், அந்த ஒரு பயணத்துக் கிலோமீட்டரை மட்டும் காட்டுகிற இடத்தில், ஒரு பொத்தானை அழுத்தி நம்பரைப் பூஜ்யமாக்கினார். "வீட்லேர்ந்து வீட்டுக்கு எவ்ளோன்னு பாப்போம்பா" என்றார். கொட்டிவாக்கம் தாண்டி, கடலோர ரோட்டில் ரொம்ப தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். அய்யாவால் சீட்டை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. "என்னை இறக்க கிரேன் வேணும்டா" என்று சிரித்தார். ஒரு கையைச் சின்னவர் பிடிக்க, ஒரு கையை நான் பிடிக்க, தூக்கி நிறுத்தினோம். மீட்டரில் 61.8 என்று நின்றது.

அந்த வாரமே சின்னவருக்குக் காய்ச்சல். நான்தான் பெரிய வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பின்சீட்டில் சாய்ந்துகொண்டு, "ஷெட்டைப் பூட்டினேனான்னு பாத்துடுங்கண்ணா" என்றார். பூட்டித்தான் இருந்தது. அவர் திரும்பி வரவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அய்யா ஷெட்டுக்கு வர ஆரம்பித்தார். அம்மா தெருக்கோடிக் கோயிலுக்கு நடந்து போகிற நேரமாகப் பார்த்து வருவார். ஓட்டுகிற சீட்டில் உட்கார மாட்டார், அன்றைக்கு உட்கார்ந்த பக்கமே உட்காருவார். நான் சாவியைப் பாதி திருப்ப வேண்டும். இன்ஜின் ஓடாது, மீட்டரில் மட்டும் வெளிச்சம் வரும். 61.8. அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். போதும் என்று கை காட்டினால் அணைத்துவிடுவேன்.

ஒரு நாள் ரிமோட் சாவியை அழுத்தினேன், கதவு திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். முனகல் மாதிரி ஒரு சத்தம் வந்து திறந்தது. மீட்டர் வெளிச்சம் மங்கலாக எரிந்தது. அய்யா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மந்தைவெளிக்கு ஓடினேன். அங்கே பேட்டரிக் கடை பாய் எனக்குப் பழக்கம்.

பாய் வந்து முன்பக்கத்து டிக்கி மூடியைத் திறந்து பார்த்து, "நைனா, உனக்கு நல்ல நேரம். இந்த மூடி தொறக்கறதே கரண்ட்லதான். பேட்டரி பூரா செத்துருந்தா, பேட்டரி கீற எடத்தையே தொறந்திருக்க முடியாது" என்றார்.

"ஏன் பாய் இறங்கிச்சு? ஓட்டவே இல்லியே."

"ஓட்டாததாலதான். நின்னுக்கினே தின்னும் இது. பூட்டு, அலாரம், கடிகாரம், எல்லாம் உள்ள முழிச்சிக்கினு கீது. அதோட நீங்க அப்பப்போ சாவி போட்டுப் பாக்கறீங்க. பாக்கப் பாக்க இறங்கும். வாரத்துக்கு ஒரு ரவுண்டு ஓட்டு, சரியாப்பூடும்."

"ஓட்டக் கூடாது" என்றார் அய்யா. ஏன் என்று பாய் கேட்கவில்லை. அய்யாவே கேட்டார். "பேட்டரி செத்தா இந்த நம்பர் போயிடுமா?"

"போனாலும் போகும், நின்னாலும் நிக்கும் சார். சில வண்டியில அழிஞ்சிடும். நான் உத்தரவாதம் சொல்ல மாட்டேன்."

அன்றைக்கு வந்ததுதான் இந்தப் பெட்டி. கிளிப் ரெண்டையும் பேட்டரியில் மாட்டி, பிளக்கைச் சுவரில் சொருகிவிட்டால் போதும். நிறைந்ததும் தானாக நின்றுகொள்ளும், குறைந்தால் தானாக ஊட்டும். ஊட்டும்போது ஆரஞ்சு லைட், நிறைந்தால் பச்சை. ஒயர் நசுங்காமல் இருக்க முன்மூடியை முழுசாக மூடாமல், துணி மடித்து வைத்துச் சாத்தினோம். வேலைக்கு வந்ததும் டீ குடிக்கிறேனோ இல்லையோ, பச்சை எரிகிறதா என்று பார்ப்பேன்.

"அம்மாகிட்ட சொல்லாதே" என்றார் அய்யா. "அவளுக்கு அடுத்த வாரம்னு சொல்லிட்டுப் போனான். அந்த அடுத்த வாரம் வரவே இல்ல. எனக்குக் கிடைச்சதை நான் தினம் உக்காந்து பாக்கறேன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

ஆனால் அம்மா வீட்டில் ஒரு சுவிட்சைக்கூட சும்மா விட மாட்டார். கோயிலுக்குக் கிளம்பும் முன்னால் வீடு பூரா ஒரு சுற்று சுற்றி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் செருப்பு போடுவார். ஒரு நாள் நான் வந்து பார்த்தால் பச்சையும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. குனிந்து ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது. போட்டதும் ஆரஞ்சு எரிந்தது. அதற்குள் அம்மா பின்னால் வந்து நின்றார்.

"ஓடாத வண்டிக்கு எதுக்குப்பா கரண்ட்டு?"

எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். "எலி மெஷின்மா. எலி ஒயரைக் கடிக்காம இருக்க."

"எலி மெஷினா. அப்போ அதை எடுத்துட்டு வந்து சமையக்கட்டுல வை. அங்கதான் எலி குடும்பமே நடத்துது."

சுவிட்ச் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். கார்த்திகை மாதத்துப் புயல் மழையில் தெருவில் தண்ணீர் நின்று கரண்ட்டை நிறுத்தினபோது, அய்யா வீட்டு இன்வெர்ட்டரில் ஃபேனை நிறுத்தினார், ஃபிரிட்ஜை நிறுத்தினார், ஷெட்டுக்கு மட்டும் விட்டார். பால் திரிந்துபோனது. "எலிக்கு கரண்ட்டு உண்டு, பாலுக்குக் கிடையாதா" என்று அம்மா என்னைத்தான் கேட்டார். அய்யா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புகிற வரைக்கும் பண்டிகை இல்லை. அதனால் முதல் ஆயுத பூஜையின்போது அந்த வண்டியை யாரும் தொடவில்லை. அடுத்த வருஷம் அம்மா காலையிலேயே தட்டோடு ஷெட்டுக்கு வந்துவிட்டார். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆனது. நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். கற்பூரம் காட்டினார். "ஸ்டார்ட் பண்ணி முன்னாடி எடுப்பா" என்றார்.

எலுமிச்சம்பழத்தை நசுக்க நாலடி நகர்ந்தால் போதும். ஆனால் 61.8 என்பது எந்த இடத்தில் நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? அந்த நாலடியிலேயே 8 போய் 9 விழலாம். நான் அய்யாவைப் பார்த்தேன். அவர் வாசற்படியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒரு யோசனை வந்தது. சாவி போடாமல் நகர்ந்தால் மீட்டர் ஏறாது.

"தள்ளிடலாமாம்மா? ரொம்ப நாளா நின்ன வண்டி. நானும் அடுத்த வீட்டு வாட்ச்மேனும் தள்ளினா பழம் நசுங்கிடும்."

அம்மா தட்டைக் கீழே வைத்தார். "தள்ளிக்கிட்டுப் போறதுக்கு அது என்ன சாவு வண்டியா? அவன் வண்டி. அது சத்தம் போட்டுக்கிட்டுத்தான் போகணும்."

கற்பூரம் எரிந்து முடிந்தது. அய்யா மெதுவாக இறங்கி வந்து, என் கையிலிருந்து சாவியை வாங்கி, கதவைத் திறந்து உள்ளே போட்டுப் பாதி திருப்பினார். "இங்க வா. இதைப் பாரு" என்றார். அம்மா குனிந்து பார்த்தார்.

"என்ன அது, நம்பரு?"

"நானும் அவனும் போயிட்டு வந்தது. அப்படியே வெச்சிருக்கேன். எலி மெஷின்னு இவன் சொன்னது அதுக்குத்தான்."

அம்மா அதைத் தொடப் போனார். அப்புறம் கையை இழுத்துக்கொண்டார். "அப்ப வேணாம்" என்றார். "எடுக்க வேணாம். இருக்கட்டும்."

குனிந்து ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலிருந்தும் எலுமிச்சம்பழத்தைப் பொறுக்க ஆரம்பித்தார். ரெண்டு எடுத்திருப்பார். அய்யா அவர் கையிலிருந்து அதை வாங்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"அடுத்த வாரம் நீன்னு சொன்னான்ல" என்றார். "உக்காரு."

அம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அய்யா உட்காருகிற பக்கம் உட்கார்ந்தார். நான் கிளிப்பைக் கழற்றி, மூடியைச் சாத்தி, பலகை போட்டுவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தேன். முதல் திருப்பிலேயே பிடித்தது. பழங்கள் நசுங்கும் சத்தம்கூட அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்டைத் தாண்டுவதற்குள் 9 விழுந்துவிட்டது. நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார்.

அடையாறு பாலம் தாண்டி, திருவான்மியூர் சிக்னலில் நின்றோம். பக்கத்தில் பைக்கில் வந்த ஒருவர் குனிந்து, "இன்னா தல, எவ்ளோ ஸ்பீடு போவும்?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால் அம்மா, "மெதுவாத்தான் போகும்பா" என்றார். கொட்டிவாக்கம் வரைக்கும் அவர் பேசினது அவ்வளவுதான். திரும்பும்போது மட்டும், "அவன் இந்தப் பக்கம் ஓட்டும்போது பேசிக்கிட்டே வருவானா, சும்மா வருவானா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. நான் சின்னவரோடு அதில் போனதே இல்லை. அப்படியே சொன்னேன்.

திரும்பி வந்தால், கேட்டில் பலகை பக்கத்தில் நான் நிற்கிற இடத்தில் அய்யா நின்றிருந்தார். அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. அய்யா கையை நீட்டி, "கிரேன் வேணுமா?" என்றார். அந்தச் சாவுக்கு அம்மா நன்றாக அழுதது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு ரெண்டு பேரும் சேர்ந்தே ஷெட்டில் உட்காருவார்கள். புது நம்பரைத்தான் பார்ப்பார்கள். வண்டி மறுபடி ஓடவில்லை. நான் பச்சையைப் பார்த்துக்கொண்டேன்.

அய்யா போன மாசியில் தூக்கத்திலேயே போய்விட்டார். அம்மா தன் தங்கையோடு இருக்கப் போவதென்று முடிவானது. வீட்டைக் கொடுத்தாகிவிட்டது, வண்டியையும் கொடுத்தாகிவிட்டது. வாங்கினவர்களின் லாரி வந்து கேட்டில் நின்றபோது அம்மா ஷெட்டுக்கு வந்தார். "உன் எலி மெஷினை நீயே எடுத்துட்டுப் போ" என்றார். "ஒரு எலிகூட அதைப் பாத்துப் பயந்து நான் பாக்கல."

"சரிம்மா."

"அந்த நம்பர் இருக்கா இன்னும்?"

"இருக்கும்மா."

"லாரியில ஏத்தறவங்க, வாங்கினவங்க, யார் யாரோ உக்காந்து அதைப் பாப்பாங்க." என் கையில் சாவியை வைத்துவிட்டு உள்ளே போனார்.

நான் ஷெட் கதவைச் சாத்தினேன். பிளக்கைப் பிடுங்கி, கறுப்பு கிளிப்பை முதலில் கழற்றினேன், அப்புறம் சிவப்பு. சின்னவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினேன். வெளிச்சம் பளிச்சென்று வந்தது. சின்னவர் அன்றைக்கு அழுத்தின அந்தப் பொத்தானில் விரலை வைத்து, நம்பர் போய்ப் பூஜ்யம் வருகிற வரைக்கும் எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தேன்.