புனியான் என்று சொல்லிவிட்டோம்

எங்கள் ஊரில் புனியான் என்ற சொல்லைச் சும்மா சொல்லமாட்டோம். காட்டுக்குள் நின்று சொல்லவே மாட்டோம், அங்கே ‘அந்த ஆளுங்க’ என்றுதான் பேச்சு. தப்பித்தவறிப் பேய் என்றால் பெரியவர்கள் வாயிலேயே போடுவார்கள். பேய்க்கு ஏது வீடு, சந்தை, கல்யாணம்? அவர்களுக்கு எல்லாம் உண்டு. காட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கிறவர்கள், பார்க்க நம்மைப் போலத்தான் இருப்பார்கள், நம்மைவிட லட்சணமாக. மேலுதட்டின் நடுவில் நமக்கிருக்கிற பள்ளம் மட்டும் அவர்களுக்கு இருக்காது. யாரையாவது பிடித்துப்போனால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் காட்டுக்குப் போனவன் திரும்பாவிட்டால் ‘புனியான் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க’ என்போமே தவிர, செத்தான் என்று சொல்வதில்லை. எவ்வளவு சௌகரியமான சொல்! அந்தச் சொல்லை வைத்துத்தான் யுஸ்னிமாரின் குடியைக் கெடுத்தோம். நானும் சேர்ந்துதான் கெடுத்தேன், மறைத்து என்ன ஆகப்போகிறது?

யுஸ்னிமார் எனக்கு அடுத்த வீடு. புதன்கிழமைச் சந்தையில் மிளகாய் விற்பாள். எடையில் கை வைக்கமாட்டாள், கை வைத்தவளை விடவும் மாட்டாள். அவள் புருஷன் சபிரின் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஆள். எங்கள் வழக்கப்படி கல்யாணமானதும் பெண் வீட்டுக்கு வந்துவிட்டான். காட்டில் லவங்கப்பட்டை உரிக்கிற தொழில். மாப்பிள்ளை என்பவன் அடிமரத்தின் மேல் படிந்த சாம்பல், ஊதினால் பறந்துவிடுவான் என்று எங்களில் சொல்வார்கள். இவன் பறக்கிற ரகம் இல்லை. சாயங்காலமானால் வந்து அவளுக்கு மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொடுப்பான். “பொண்டாட்டி தாசன்டா நீ” என்று நான் கேலி செய்தால், “உங்க வீட்டுக்காரர் கிள்ளித் தரலையேன்னு வயிறு எரியுதா ரபியாக்கா?” என்று திருப்பிக் கொடுப்பான்.

எண்பத்து மூன்றாம் வருடம், மழை பிடிப்பதற்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலை பட்டை உரிக்கப் போனவன் வரவில்லை. மறுநாள் ஆண்கள் தேடிப் போனார்கள். கிடுகிடு பள்ளத்தின் விளிம்பில் அவன் பட்டைக் கட்டு மட்டும் கிடந்தது. பாவாங் ஜாலினுஸ் (மந்திரிக்கிறவர், மழை நிறுத்துவதிலிருந்து பல்வலி வரை அவர்தான்) கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“அந்த ஆளுங்க வேலைதான். கீழ அவங்க ஊரு. யாரும் இறங்காதீங்க, போனா நீங்களும் திரும்ப மாட்டீங்க. முறத்தையும் சட்டியையும் கொண்டாந்து தட்டுங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்க. ஏழு நாள்ல விட்ருவாங்க.”

பெரியவர் சொன்னால் சரி. ஊரே விளிம்பில் நின்று தட்டியது. “சபிரின் வாடா! சபிரின் வாடா!” என்று தொண்டை கிழியக் கத்தினோம். அந்தச் சத்தத்தில் கீழே இடி விழுந்தாலும் எங்கள் காதில் விழுந்திருக்காது.

அன்று அந்தியில், மஃரிப் தொழுகை நேரம், தட்டி ஓய்ந்து வீடு திரும்பிய பிறகு, ஊற்றில் கால் கழுவிக்கொண்டிருந்த யுஸ்னிமார் சட்டென்று நிமிர்ந்தாள்.

“அக்கா, கேட்டுச்சா? ‘யுஸ்’னு கூப்பிட்டாரு.”

கேட்டது. எனக்கும் கேட்டது, பள்ளத்துப் பக்கமிருந்து, ஒரே ஒரு தரம்.

“பதில் சொல்லாதடி! மனுஷன்னா மூணு தரம் கூப்பிடுவான். ஒரு தரம் கூப்பிடறது அவங்கதான். அவன் குரல்லயே கூப்பிடுவாங்க.”

கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது. புதன்கிழமையும் அதே நேரத்தில் அதே குரல், இன்னும் மெல்லிசாக, ஒரே தரம். வியாழக்கிழமை குரல் கேட்டதும் அவள் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடியே விட்டாள். நானும் இரண்டு பெண்களுமாக வேலியோரம் மடக்கினோம். “இதோ இரு...” என்று அவள் வாயெடுத்ததும் என் உள்ளங்கையால் பொத்தினேன். கடித்தாள். விடவில்லை நான். அவளைக் காப்பாற்றுகிறேனாம்! அட அல்லாவே, என்ன அறிவு எனக்கு!

வெள்ளிக்கிழமை குரல் கேட்கவில்லை. “பாத்தீங்களா, அடங்கிட்டாங்க” என்றார் ஜாலினுஸ். நான் அவருக்கு இரண்டு நேந்திரம்பழ பஜ்ஜி பொரித்துக் கொடுத்தேன்.

ஏழு நாளும் போயிற்று, மாதங்களும் போயின. அவள் பொண்டாட்டியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை என்று ஆனாள். “ஒண்ணு கீழ இறங்கிப் பாருங்க, இல்ல செத்துட்டார்னு சொல்லி ஒரு யாசீனாவது ஓதுங்க” என்று வீடு வீடாகக் கேட்டாள். அவளுடைய தாய்மாமன் பஹ்தியார்தான் அந்தக் குடும்பத்துக்குத் தலைவர். அவரே மறுத்தார். “உசிரோட இருக்கிறவனுக்கு யாசீனா? நீயே அவனைக் கொன்னுடாதம்மா.” சந்தையில் பெண்கள், “உன் வீட்டுக்காரர் அங்க பள்ளமில்லாத உதட்டுக்காரி ஒருத்தியக் கட்டிக்கிட்டுச் சொகமா இருப்பார்டி” என்று சிரிப்பார்கள். ஆறுதலாம்! அவள் எடைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பதினாலு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பயிரைத் தின்னும் காட்டுப்பன்றிகளை ஒழிக்க நடந்த வேட்டையில், வெளியூர்க்காரர்களின் நாய்கள் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டன. நாய்க்கு எந்த ஊர் எவருடையது என்று தெரியுமா? பின்னாலேயே ஆட்கள் இறங்கினார்கள். எலும்புகள் இருந்தன, சபிரினின் கத்தி இருந்தது. இடது கால் எலும்பு ஒடிந்திருந்தது. அதன் இருபுறமும் பட்டைத் துண்டு வைத்துப் பிரம்பால் இறுக்கிக் கட்டியிருந்தது. நிதானமாக உட்கார்ந்து போட்ட கட்டு. விழுந்ததும் செத்தவன் அப்படிக் கட்டுவானா?

அங்கேயிருந்து ஊற்றுக்கு ஒரு கூப்பிடு தூரம்.

அப்போதும் ஜாலினுஸ் விடவில்லை. “திருப்பிக் குடுத்துட்டாங்க பாருங்க” என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஆட்டாமல் என்ன செய்வார்கள்? அந்தச் சொல்லை விட்டால் அப்புறம் பழி எங்கள் எல்லார் தலையிலும் அல்லவா வந்து விழும். நானும்தான் ஆட்டினேன்.

வெள்ளைத்துணியில் சுற்றி முற்றத்தில் வைத்தோம். எடுப்பதற்கு முன் பஹ்தியார் வழக்கப்படி எழுந்து நின்றார். “சபிரின் யாருக்காவது பேச்சாலயோ கையாலயோ தப்பு பண்ணியிருந்தா, மனசார மன்னிச்சிருங்க.”

“மன்னிச்சோம்” என்றது ஊர்.

பெண்கள் பக்கமிருந்து யுஸ்னிமார் எழுந்தாள். முக்காடு நழுவியதைக்கூட இழுத்துவிடவில்லை.

“நீங்கல்லாம் மன்னிச்சிட்டீங்க, சரி. மூணு நாள் கூப்பிட்டாரே, அவர்கிட்ட யார் மன்னிப்புக் கேக்கப்போறீங்க?”

இமாம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஃபாத்திஹா என்றார். தூக்கிக்கொண்டு போனார்கள்.

நாற்பதாம் நாள் ஓதி முடிந்து எல்லாரும் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அழக்கூடாது என்றுதான் போனேன், அழுதுவிட்டேன்.

“என்னை மன்னிச்சிடுடி யுஸ். உன் வாயப் பொத்தின பாவி நான்தான்.”

அவள் கையில் இருந்த தட்டைக் கவிழ்த்து வைத்தாள். கோபமில்லை குரலில், அதுதான் தாங்கவில்லை.

“எங்கிட்ட எதுக்குக்கா கேக்கறீங்க? கூப்பிட்டது நானில்லையே.”