சந்தனம் வைத்த பிராசசர்

கூடுவாஞ்சேரியில் நரசிம்மனைத் தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அணு ஆராய்ச்சி ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் உத்தியோகம் பார்த்தவர். ரிட்டையர் ஆகியும் சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும். அதில் ஒன்று எழுதாது. தூக்கிப் போடமாட்டார். அந்த வீட்டில் எதையுமே தூக்கிப் போடமாட்டார்கள். அவர் மண்டைக்குள் இருப்பதும் அப்படித்தான், எல்லாம் தாத்தா காலத்துச் சரக்கு.

சம்சாரம் சகுந்தலா கணக்கு டீச்சராக இருந்தவர். இவருக்கு நேரத்துக்குக் காபி கிடைக்க வேண்டும் என்று வேலையை விட்ட புண்ணியவதி. இருபது வருஷம் கழித்து ஒரு ஆன்லைன் டியூஷன் கம்பெனி அவரைக் கூப்பிட்டது. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நாற்பது நிமிஷ மாதிரி வகுப்பு. நடுவில் அறுந்தால் வேலை கிடையாது, மறு தடவையும் கிடையாது. வீட்டுக் கம்ப்யூட்டரோ பழசு. வீடியோவும் எழுதுகிற பலகையும் சேர்ந்து ஓடினால் திணறும்.

நரசிம்மன் என் ரிப்பேர் கடைக்கு வந்தார். பிராசசர் மட்டும் மாற்ற வேண்டும், போர்டு, ராம், டப்பா எல்லாம் பழசே போதும் என்றார். யோசனை நல்லதுதான். நல்ல யோசனை அவர் கையில் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். ஊரப்பாக்கத்தில் ஒரு ஆபீஸ் காலி செய்தபோது வாங்கி வைத்த ஐ7 பிராசசர் ஒன்று அந்தப் போர்டுக்குச் சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனேன். கம்ப்யூட்டர் இருப்பது பூஜை அறையில். சரஸ்வதி அங்கேதான் இருக்க வேண்டுமாம். பிராசசரை ஷூ ஸ்டாண்டு மேல் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார்.

"நீ அங்கயே இரு மோசஸ். எப்படின்னு சொல்லு, நானே போட்டுக்கறேன்."

எட்டு வருஷமாக அந்த வீட்டு பிரிண்டரும் யூபிஎஸ்ஸும் வாசலுக்கு வந்துதான் என்னிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டன. எனக்கு இது புதிதில்லை. ஹாலில் நின்றபடியே சொன்னேன்.

"புச்சு பிராசசர் மேல ஒரு பட்டாணி அளவு பேஸ்ட் வை சார். அது மேல ஃபேன அழுத்தி உக்கார வை. நடுவுல வேற எதுவும் இருக்கக் கூடாது."

அணு உலையையே பார்த்தவன், இதெல்லாம் ஒரு வேலையா என்றார். கதவு பாதி சாத்திக்கொண்டது. கற்பூர வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டரும் ஓடியது. வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு சகுந்தலா ஒத்திகை பார்த்தார். ஒன்பது நிமிஷத்தில் அணைந்தது. மறுபடி போட்டதில் ஆறு நிமிஷம். ஓட்டைச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டாய் என்று நரசிம்மன் போனில் கத்தினார். நான் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. மனுஷன் மறுபடியும் பூஜை அறை வாசலை மறித்து நின்றார். சொல்லு, நானே பார்க்கிறேன் என்றார்.

சகுந்தலா உள்ளே போய் ஒயர்களைப் பிடுங்கினார். டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜை மேல் வைத்தார்.

"உக்காருங்க மோசஸ். இது உங்க வேலை."

"சகு, அது பூஜை ரூம்ல இருந்த சாமான்."

"இப்ப டைனிங் டேபிள்ல இருக்கு. நகருங்க."

ஃபேனைக் கழற்றினேன். பிராசசரின் நட்டநடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். காய்ந்து ஓடு மாதிரி இறுகியிருந்தது. நான் கொடுத்த பேஸ்ட் நாலு மூலையிலும் கோலப்புள்ளி மாதிரி இருந்தது. நடுவில் தடவினால் பொட்டு அழிந்துவிடுமாம். ஃபேன் எப்படி ஒட்டும், சூடு எப்படி இறங்கும்? அணு உலையைப் பார்த்தவருக்கு இது தெரியவில்லை.

"டப்பா மேல வெச்சிருந்தா யாரு கேக்கப் போறா சார்? சாமி சூடு தாங்கும். இது தாங்காது."

"புது சாமானுக்குப் பொட்டு வைக்காம எப்படி?" என்றார். அப்போதும் குரல் இறங்கவில்லை.

சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து, ஃபேனை இறுக்கினேன். மானிட்டரையும் கேமராவையும் சகுந்தலா மேஜைக்குக் கொண்டுவந்தார். பத்து ஐம்பதுக்கு ஓடியது. கேமரா இப்போது பூஜை அறை வாசலைப் பார்த்தபடி இருந்தது. நரசிம்மன் எதற்கோ உள்ளே போயிருந்தார். வெளியே காலெடுத்து வைக்கும்போது சகுந்தலா திரும்பாமலே சொன்னார்.

"நீங்க அங்கயே இருங்க. நாப்பது நிமிஷம்."

நாற்பது நிமிஷமும் உள்ளேயிருந்து ஒரு இருமல்கூட வரவில்லை. வகுப்பு அறுபடாமல் முடிந்தது. வேலை கிடைத்தது.

பிராசசரைத் தானே மாற்றியதாக வாக்கிங் போகிற இடத்தில் நரசிம்மன் சொல்லிக்கொண்டு திரிகிறார். கம்ப்யூட்டர் இன்றும் சாப்பாட்டு மேஜையில்தான். பூஜை அறையில் அது இருந்த ஸ்டாண்டு சும்மா நிற்கிறது. அதையும் தூக்கிப் போடமாட்டார்.