மணல் இறங்கும்வரை

அந்த வாக்குவாதச் சத்தத்தை நினைத்தால் ஒட்டீலிக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கும். ஜெர்மனியில், ஸாக்சனியின் பஞ்சாலைப் புகை படிந்த சிற்றூரில் அவளுடைய பீர்க்கடை; பின்னால் பெரிய கூடம். மன்னர் முடியைத் துறந்து ஓடி, பெண்களுக்கும் ஓட்டு வந்த குளிர்காலத்தில், பனியில் நின்று முதல் ஓட்டைப் போட்டவள் அவள். அன்றிலிருந்து எந்தக் கட்சி கேட்டாலும் கூடத்தை வாடகைக்கு விட்டாள். ஒரே நிபந்தனை: எதிர்த்துப் பேச ஒருவருக்கு இடம் தர வேண்டும். முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் மணல் குப்பியை மேசையில் கவிழ்த்து வைப்பாள். மணல் இறங்கி முடியும்வரை வேறு யாரும் வாய் திறக்கக்கூடாது.

கண்ணாடி பொருத்தும் ஆல்வின் சமூக ஜனநாயகக் கட்சி. சாயப்பட்டறை ரைன்ஹோல்ட் கம்யூனிஸ்ட்.

"மணலு தீந்துருச்சு, எறங்குப்பா! புரட்சிதான் வரல, பீராவது வரட்டும்" என்பான் ஆல்வின்.

"ஒங்க மந்திரிசபை கவுறதும் இந்தக் குப்பியப் பாத்துத்தானா?" என்பான் ரைன்ஹோல்ட்.

கூடமே சிரிக்கும். ஒட்டீலி உருளைக்கிழங்கு சாலட் தட்டை இருவருக்கும் நடுவில் வைப்பாள்.

ஆலைகள் மூடிக்கிடந்த வருடம் நாஜிக் கட்சியின் பழுப்புச் சட்டைக்காரர்கள் கூடம் கேட்டார்கள். அவர்கள் வந்தபின் யாராவது எதிர்த்துப் பேச முடியுமா? அவள் ஆல்வினையும் ரைன்ஹோல்டையும் கூப்பிட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் சேந்து வேண்டாம்னு சொல்லுங்கடா. நான் கதவத் தொறக்கல" என்றாள்.

"தொழிலாளியக் காட்டிக்குடுத்த இவங்கூடவா?" என்றான் ரைன்ஹோல்ட்.

"மாஸ்கோவுக்குத் தலையாட்டுறவங்கூட நான் சேரமாட்டேன். எல்லாருக்கும் ஒரே சட்டம்னு நீங்கதானக்கா சொன்னீங்க?" என்றான் ஆல்வின்.

சொன்னது அவள்தான். கதவைத் திறந்துவிட்டாள்.

அவர்களுடைய பேச்சாளர் முடித்ததும் பதில் சொல்ல ஆல்வின் எழுந்தான். ஒட்டீலி குப்பியைக் கவிழ்த்தாள். பேச்சாளர் சிரித்துக்கொண்டே அதை எடுத்துப் படுக்கப் போட்டார். மணல் நின்றது. ஆல்வினைப் பிடரியில் கைவைத்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பிறகு அவர்களே அரசானார்கள். ரைன்ஹோல்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவன் திரும்பவில்லை. கூடத்தில் ஒரே குரல், ஒரே கைதட்டல்.

ஒரு மாலை ஆல்வின் வந்தான். கணப்போரம் ரைன்ஹோல்டின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தான். ஒட்டீலி சாலட் தட்டைப் பழையபடி நடுவில் வைத்தாள்.

"என்ன தம்பி, வாயே தொறக்கமாட்டேங்குற?"

"எதுத்துப் பேச ஆளில்லியேக்கா."

அவள் அடுப்படிக்குப் போய்க் குப்பியை எடுத்துவந்து, காலி நாற்காலியின் முன்னால் கவிழ்த்து வைத்தாள். மணல் இறங்கி முடியும்வரை இருவரும் வாய் திறக்கவில்லை.