கோமாளி முகமூடியும் கொழுந்தியாளின் வலது கையும்

ஐம்பத்திரண்டு வயதில், பேகம்பூரில் ஒரு பிரியாணிக் கடை வாசலில், பட்டப்பகலில், நான் என் மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கடை திறப்புக்காகச் சிவப்பு மூக்கு மாட்டி ஒரு கோமாளியை நிறுத்தியிருந்தார்கள். பாவம், அவர் கைகொடுக்கத்தான் வந்தார்.

கோமாளி என்றால் எனக்கு ஆகாது. சிரிப்பு வந்தால் போக வேண்டும். வரைந்து வைத்த சிரிப்பு போவதில்லை. அதற்குப் பின்னால் அந்த ஆள் என்ன நினைக்கிறார் என்று தெரிவதுமில்லை. நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறவன் இதைச் சொல்வது, மீன்காரர் கவிச்சி ஆகாது என்பதைப் போலத்தான். ஆனாலும் நாலு புத்தகம் படித்த திமிரில் அங்கேயே இந்த விளக்கத்தைச் சொன்னேன். கூட வந்த கொழுந்தியாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி அத்தான், மொதல்ல அக்கா சேலைய விடுங்க" என்றாள்.

அதோடு போயிருக்கலாம். அன்று சாயங்காலம் மாதா கோயில் பாடகர் குழு ஒத்திகையில் அதை நடித்தே காட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், "அண்ணே, பின்னாடி கோமாளி!" என்று ஒரே கூச்சல்.

எங்கள் பக்கம் மனைவியின் தங்கையைக் கேலி செய்வது உரிமை, கிட்டத்தட்டக் கடமை. அந்தத் தைரியத்தில் பழிவாங்கக் கிளம்பினேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீடு வீடாகப் பாடிப்போகும் குழுவில், கிறிஸ்துமஸ் தாத்தாவோடு முகமூடி போட்ட ஒரு கோமாளியும் ஆடுவார். அந்த முகமூடியை, "பேரப்பிள்ளைகளுக்கு" என்று புளுகி வாங்கி வந்தேன். எனக்குப் பேரப்பிள்ளைகள் கிடையாது.

சனிக்கிழமை நாலு மணி. கொழுந்தியாள் தன் வீட்டு அடுப்படியில் பண்டிகைக்கு அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். முகமூடியை மாட்டி, கைகளை விரித்து, கொல்லைக் கதவு வழியாக ஊளையிட்டுக்கொண்டே பாய்ந்தேன். ஒரு அலறல். ஏதோ என்னை இடித்தது. எண்ணெய்ச் சட்டி சாய்ந்தது. முகமூடியைக் கழற்றியபோது அவள் வலது கையைக் குழாய்க்கு அடியில் பிடித்திருந்தாள். புறங்கை சிவந்து விரல்கள் வீங்கத் தொடங்கியிருந்தன.

அது வெறும் கையல்ல. கோயிலில் கீபோர்டு வாசித்தவர் வெளியூர் போய்விட்டதால், இந்தக் கிறிஸ்துமஸ் பூசைக்கு முதல்முறையாக அவள் வாசிக்க இருந்தாள். மூன்று மாதமாக, வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதே பாட்டுகள். தெருவுக்கே மனப்பாடம்.

"எப்படிம்மா?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "அச்சு வழுக்கிருச்சு சார்" என்றாள். அக்காவிடமும் அதையேதான் சொன்னாள். "நல்லவேளை, அத்தான் அந்நேரம் வந்தாக" என்று வேறு சேர்த்துக்கொண்டாள். என் மனைவி எனக்குத் தனியாக ஒரு காப்பி போட்டுக் கொடுத்தாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இருந்திருக்காது. காப்பியைக் குடித்தேன். இதை எழுதத்தான் கை கூசுகிறது.

கிறிஸ்துமஸ் பூசைக்கு வேறு பங்குக் கோயிலிலிருந்து ஒருவர் வந்து வாசித்தார். நன்றாகவே வாசித்தார், மோசமாக வாசித்திருந்தால்கூடக் கொஞ்சம் தேவலை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் அவருக்குப் பாட்டுப் புத்தகத்தின் பக்கங்களைத் திருப்பிக்கொடுத்தாள் கொழுந்தியாள். வெளியே வந்ததும் ஒரு அம்மாள் என்னிடம், "நீங்க மட்டும் இல்லாட்டி என்னாயிருக்கும்!" என்றார். அந்த இடத்தில் முகமூடி இருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று எனக்குக் காப்பி இல்லை. மறுநாள் இரண்டு கிலோ ஆயக்குடிக் கொய்யாவோடு கொழுந்தியாள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு வரிதான் வந்தது.

"மன்னிச்சிரும்மா. நான் பயமுறுத்துனதாலதான்…"

"யாரு பயந்தா?" என்றாள். "செருப்புச் சத்தத்துலயே நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சு. கண்ணு தெரியாம நேரா அடுப்பப் பாத்து வந்தீக. சட்டிமேல கவுந்துருவீகளேன்னு பதறிப்போயி ஒங்களத் தள்ளிவிட்டேன், அம்புட்டுதான். ஒரு முகமூடி ஒழுங்கா மாட்டத் தெரியல, நீங்கல்லாம் எதுக்கு அத்தான் பயமுறுத்த வாரீக?"