தெய்வானை அடித்த மங்குஸ்தான் சுவர்

என் மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகள் நால்வர். மூத்தவன் சவரிமுத்து கடுகண்ணாவை ஸ்டேஷனில் தந்தி பழகச் சேர்ந்துவிட்டான். அடுத்தவள் மேரி எட்டாம் வகுப்பில் முதலாவதாகத் தேறி, சுவாமியார் கையால் புத்தகம் பரிசு வாங்கினாள். மூன்றாமவள் பிலோமினா பூ வேலை செய்த மேசை விரிப்பைப் பள்ளிக்கூடத்துக் கண்ணாடி அலுமாரியில் வைத்திருக்கிறார்கள். கடைக்குட்டி லாசரஸ் கோயில் திருவிழாவில் தனியாக நின்று பாடினான். நடுவில் ஒரு வரி மறந்துபோய், முந்தின வரியையே இரண்டு தரம் பாடிச் சமாளித்தான். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

போன வருஷம் இவ்வளவையும் நான் ஒரு கடிதமாக எழுதிக்கொண்டிருந்தேன். கம்பளையில் தன் மகன் வீட்டில் இருந்த என் தோழி தெய்வானைக்கு. லாசரஸ் பாடிய இடத்துக்கு வந்தபோது தபால்காரர் ஒரு கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். ஓரத்தில் கறுப்பு மை தடவியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா தவறிவிட்டார் என்று அவள் மகன் முத்தையா எழுதியிருந்தான். எழுதிய கடிதத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்தேன். அந்தப் பிள்ளைகள் நால்வரும் பிறந்ததற்கு ஆண்டவருக்கு அடுத்தபடி நான் நன்றி சொல்ல வேண்டியவள் அவள்தான். கண்டி மஹய்யாவயில் அவளோடு பழகிய உங்களுக்குக்கூட அந்தக் கதை முழுதாகத் தெரியாது. அதைத்தான் அவள் நினைவாக இங்கே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. தப்புகளைப் பேத்தி மேரி திருத்தியிருக்கிறாள். சில இடங்களில் திருத்த வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

தெய்வானையை உங்களில் பலர் சுண்ணாம்பு வாளியோடுதான் பார்த்திருப்பீர்கள். நகரசபைக் கட்டிடங்களுக்கு வெள்ளை அடிக்கும் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. என்னைவிட ஆறு வயது இளையவள். நாள் முழுதும் வெள்ளையே அடிப்பதால்தானோ என்னவோ, வேலை முடிந்தால் நிறம் தேடி அலைவாள். அவளோடு கண்டிச் சந்தைக்குப் போனால் கருவாடு வாங்கித் திரும்ப அரை நாள் ஆகும். ஒருநாள் வெற்றிலைக் கடை ஒன்றின் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், பாக்குகளைப் பாதியாக வெட்டிக் குவித்திருந்தார். வாங்க வந்தாயா, வேடிக்கை பார்க்க வந்தாயா என்று அவர் கேட்டார்.

"பாக்குறதுக்கும் காசா நானா?" என்றாள் இவள்.

அவர் சிரித்துவிட்டார். பிறகு இவள் என் பக்கம் திரும்பி, வெட்டின பாக்கின் முகத்தைக் காட்டினாள். வெள்ளைக்குள் கோப்பி நிறக் கோடுகள் ஓடைகள் போல் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பது வருஷம் பாக்கு மென்ற வாய் என்னுடையது. ஒரு தரமும் நான் அதைப் பார்த்ததில்லை. அடுத்த கிழமை அவள் வீட்டு வாசற்கால் இரண்டிலும் அந்தக் கோடுகள் ஓடின. அதற்குப் பிறகு அந்தக் கடைக்காரர், நல்ல கோடு விழுந்த பாக்காக ஒன்றிரண்டை அவளுக்கென்று எடுத்து வைப்பார்.

"கடையில வாங்குறது வெறும் பொடிதான் அக்கா. நெறம் தெருவுல கெடக்கு" என்பாள். அடிக்கடி சொல்வாள். எங்கள் காது புளிக்கும்வரை சொல்வாள்.

கொழும்பிலிருந்து ரயிலில் வரும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் மலையை வெட்டின சிவப்பு மண்ணும், அதற்கு மேலே தொங்கும் இளம்பச்சைப் பன்னைச் செடிகளும் ஜன்னலுக்குப் பக்கத்தில் வரும். எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம். அவள் வீட்டுக்கு வந்ததும் சுவரின் கீழ்ப்பாதிக்குக் காவியும் மேற்பாதிக்கு இளம் பச்சையும் அடித்தாள். எங்கள் வரிசை வீட்டு லயத்தில் எல்லோரும் சிரித்தோம். ரயிலையும் ஒரு பக்கம் வரைந்துவிடு, டிக்கட் எடுக்காமல் வந்து உட்காருகிறோம் என்று நான்தான் கேலி செய்தேன். அவள் கோபப்படவில்லை. பிள்ளைகளின் கை படுகிற உயரத்துக்கு மண் நிறம் வேண்டும், அழுக்குத் தெரியாது, பெரியவர்களின் கண் படுகிற உயரத்துக்கு இலை நிறம் வேண்டும், களைப்புத் தெரியாது என்றாள். ஒரு வருஷத்துக்குள் எங்கள் வரிசையில் ஏழு வீடுகளுக்குக் கீழே காவி வந்துவிட்டது. முதலில் அடித்தது என் வீடு.

இனி, சொல்ல வந்த விஷயம்.

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். என் மகள் திரேசாவுக்கு இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாகக் கடுகண்ணாவையிலிருந்து ஓர் இடம். பையன் கடையில் கணக்கு எழுதுகிறவன், குணசாலி. தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்தவர் அவனுடைய அத்தை செசிலியம்மா. அவர் ஒரு வீட்டு வாசலில் நின்று முகம் சுளித்தால் அதோடு சம்பந்தம் முடிந்தது என்று தரகர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஞாயிறு பூசைக்குப் பிறகு வருவதாக ஏற்பாடு. எங்கள் முன்னறையோ அடுப்புப் புகை ஏறிக் கறுத்துக் கிடந்தது. இதுவும் போனால் திரேசாவுக்கு இனி யார் வருவார்கள் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தெய்வானை தானே முன்வந்தாள். அது மங்குஸ்தான் காலம். தெருவெல்லாம் தோல் கிடந்தது. அந்தத் தோலின் நிறத்தைப் போல வீட்டுக்குள் மதிப்பாக இருக்கும் நிறம் வேறு இல்லை என்றாள். சுண்ணாம்பில் துணிக்குப் போடும் நீலத்தையும் காவியையும் கரைத்து, வியாழக்கிழமை பின்னேரம் முன்னறை முழுவதும் அடித்தாள். ஈரத்தோடு பார்த்தபோது ராஜா வீட்டு அறை மாதிரி இருந்தது. நானே அவளுக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலையில் சுவர் காய்ந்துவிட்டது. சுண்ணாம்பு காய்ந்தால் வெளுக்கும். இது எவ்வளவு வெளுக்கும் என்று அவளும் எண்ணவில்லை. அந்தக் கருஞ்சிவப்பு வெளுத்து வெளுத்துச் சுத்த ஊதாவாக நின்றது. கத்தோலிக்கருக்குச் சொல்ல வேண்டியதில்லை; மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தபசு காலத்தில் கோயில் சுரூபங்களையெல்லாம் மூடிவைக்கிற துணியின் நிறம் அது. துக்கத்தின் நிறம். பெண் பார்க்க வருகிற வீட்டின் நாலு சுவரிலும் அந்த நிறம். என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார், சுற்றிப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். அதுதான் எனக்கு நெருப்பை மூட்டியது.

தெய்வானையைக் கூப்பிட்டு வைத்து நான் சொன்னதை இன்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

"எங்க கோயில் நெறத்தப் பத்தி ஒனக்கு என்னா தெரியும்? நீ சாமி கும்பிடுற எடமே வேற. ஒன்ன நம்புனது எம் புத்தி."

அவள் சுவரை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மேலே வெள்ளை அடித்து மறைப்போம் என்றார் என் வீட்டுக்காரர். வெளியே தூறல் விட்டபாடில்லை. அடித்தாலும் காயாது, வருகிறவர்களின் உடுப்பில் ஒட்டும். திரேசா அடுப்படியில் உட்கார்ந்து அரிசி பொறுக்கினாள். கல் இல்லாத அரிசியைத் திரும்பத் திரும்பப் பொறுக்கினாள்.

மத்தியானம் தெய்வானை திரும்பி வந்தாள். ஒரு சட்டியில் கெட்டியாகக் கரைத்த வெள்ளைச் சுண்ணாம்பு, இன்னொன்றில் பச்சை, மடியில் காய்ந்த மங்குஸ்தான் தோல்கள். மங்குஸ்தான் பழத்தின் அடியில் சின்னப் பூ ஒன்று புடைத்துக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். காய்ந்த தோலில் அது மரத்தைப் போல் இறுகிவிடும். அந்தப் பூவை வெள்ளையில் தொட்டுத் தொட்டுச் சுவரில் பதித்தாள். என் மார்பு உயரத்தில், அறையைச் சுற்றி ஒரே வரிசை. ஒவ்வொரு பூவுக்கும் தலையில் விரலால் ஒரு பச்சைக் கீற்று. நான் உதவிக்குப் போகவில்லை. வீம்பு. திரேசாதான் எழுந்து போய்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் தெய்வானை சட்டிகளைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை செசிலியம்மா வந்தார். வாசற்படியில் நின்றார். நான்கு சுவரையும் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"யாரும் தவறிட்டாங்களா இந்த வீட்டுல?" என்று கேட்டார்.

இல்லை என்று நான் சொல்வதற்குள் அவர் சுவருக்குக் கிட்டே போய்விட்டார். விரலை வைத்து ஒரு பூவை எண்ணினார். ஆறு இதழ். அடுத்ததை எண்ணினார். ஏழு. அடுத்தது, மறுபடி ஆறு. பாதிச் சுவர்வரை எண்ணிக்கொண்டே போனவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். தானும் தன் தம்பியும், பையனின் தகப்பனார்தான், பழத்தை உடைக்கும் முன்னே அடியிலுள்ள இதழை எண்ணிப் பந்தயம் கட்டுவார்களாம். வெளியே எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. அந்தப் பழம் ஒருபோதும் ஏமாற்றியதில்லை என்றார். பிறகு நாங்கள் போட்டிருந்த கதிரையில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இந்த வீட்டுலயும் அப்புடித்தானே? வெளிய காட்டுறதுதானே உள்ள?" என்றார்.

என் வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கதிர மட்டும் பக்கத்து வீட்டுது" என்றார்.

செசிலியம்மா உட்கார்ந்திருந்த கதிரையிலேயே குலுங்கிச் சிரித்தார். தேநீர் வந்து சேரும் முன்னே சம்பந்தம் முடிந்துவிட்டது. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கலியாணத்துக்கு முன் கடுகண்ணாவையில் தங்கள் வீட்டுக்கும் இந்தப் பூவைப் பதித்துத் தரவேண்டும் என்றார்.

அன்று பின்னேரமே தெய்வானை வீட்டுக்கு ஓடினேன். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சம்பந்தம் முடிந்ததைச் சொன்னேன். கீரையைப் போட்டுவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். முந்தின நாள் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "தெய்வான, நேத்து நான்" என்று தொடங்கினேன்.

"நீங்க திட்டுனது நெறத்தத்தான் அக்கா" என்றாள். "நெறத்துக்கு ரோசம் இல்ல. உள்ள வாங்க, கீர ஆயுங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எப்போது அந்தப் பேச்சை எடுத்தாலும் வேறு கதைக்குத் தாவிவிடுவாள். ஆனால் நான் திட்டியது நிறத்தை அல்ல. அவளை. அவள் கும்பிடுகிற சாமியையும் சேர்த்து. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சட்டியோடு திரும்பி வந்தாள். கேட்க விடாத மன்னிப்பை, அவளைத் தெரிந்த உங்கள் எல்லோர் முன்னிலையிலும் இப்போது கேட்டுக்கொள்கிறேன். தெய்வானை, என்னைப் பொறுத்துக்கொள்.

மலேரியாக் காய்ச்சல் வந்த வருஷம் அவளுடைய புருஷன் போனார். அதற்குப் பிறகு மகனோடு கம்பளைக்குப் போனாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பேரனிடம் சொல்லி எழுதுவிப்பாள். கடிதத்தில் சுகம் விசாரிப்பது ஒரு வரி. மிச்சமெல்லாம் நிறம். சந்தையில் பக்கத்தில் பக்கத்தில் குவித்திருந்த கத்தரிக்காயும் எலுமிச்சையும், சிங்களப் பெண் ஒருத்தி விற்ற பாயின் ஓரக் கட்டம், வண்ணான் கொடியில் காய்ந்த சாரங்கள் என்று எழுதிக்கொண்டே போவாள். கடைசிக் கடிதம் மகாவலியைப் பற்றியது. வெள்ளம் வடியும்போது ஆறு ஒவ்வொரு நாளும் கரையில் ஒரு மண் கோடு விட்டுவிட்டு இறங்குகிறதாம். சாம்பல், மஞ்சள், சிவப்பு, மறுபடி சாம்பல். அந்தக் கோடுகளை அப்படியே முன்னறைச் சுவரில் போட்டிருப்பதாகவும், காவி கரைக்க மட்டும் மருமகள் கை கொடுத்ததாகவும், அக்கா வந்து பார்க்க வேண்டும் என்றும் எழுதுவித்திருந்தாள். முழங்கால் வலி, அடுத்த மாதம் பார்ப்போம் என்று நான் இருந்துவிட்டேன்.

அவள் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது ஒன்றுதான். உரிக்கும்போது வெங்காயத் தோலைப் பார்க்கிறேன். காய்ந்த மிளகாயை முறத்தில் கொட்டிவிட்டு ஒரு நிமிஷம் நிற்கிறேன். கோயிலில் தபசு காலத்து ஊதாத் துணியைப் பார்த்தால் துக்கத்தோடு பழத்தின் நினைப்பும் வருகிறது, அதை நான் பாவமாக நினைக்கவில்லை. அறுபது வயதுக்கு மேல் எனக்குப் புதிதாகக் கண் திறந்தது. திறந்துவைத்தவள் அவள். அதற்கு நன்றி சொல்லி முடியாது.

முத்தையா, உனக்கு ஒரு வார்த்தை. நீ அனுப்பிய அம்மாவின் படம் கிடைத்தது. படக்கடைத் திரைக்கு முன்னால், பொய்த் தூணுக்கும் பொய்ப் பூந்தொட்டிக்கும் நடுவில் நிற்கிறாள். முகம் நன்றாக விழுந்திருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் வருஷம் முடிந்து தலைத்திவசம் வருகிறது. அதற்கு முன் வீட்டுக்கு வெள்ளை அடிப்பீர்கள். அது முறை. வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அடிப்பதற்கு முன் படக்காரரை வீட்டுக்கே கூட்டிவந்து, அந்த மகாவலிச் சுவருக்கு முன்னால் உன் பிள்ளைகளை நிறுத்திப் புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் போடு மகனே. படத்தில் எல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகத்தான் விழும். அதனால் எந்தக் கோடு என்ன நிறம் என்று மேலிருந்து கீழாகப் பின்பக்கத்தில் எழுதச் சொல். காவி கரைத்த மருமகளுக்குத் தெரியும்.