வசந்தா அக்கா ஊற்றி வைத்த கூடுதல் காபி

வசந்தா அக்காவின் காபிக் கடையில் வேலை செய்யும் செல்வியின் அழைப்பு வந்தபோது நான் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் திண்டிவனம் வண்டிக்காக நின்றிருந்தேன். நன்றாக விடிந்திருந்தது.

"அண்ணா, வசந்தா அக்கா போயிட்டாங்களாம். ஆஸ்பத்திரியிலேர்ந்து இப்பதான் போன் வந்துச்சு. நான் இங்க கடையத் தொறந்துகினு இருக்கேன். நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க, ஜல்தி போய்ப் பாருங்க" என்றாள். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "கூட ஒருத்தரும் இல்லாம போயிட்டாங்களே" என்றாள்.

அக்காவை அறிந்த உங்களில் பலரும் இன்றுவரை அதையே சொல்லி வருந்துகிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நம்புவது உங்கள் விருப்பம்.

எனக்கு வீடு விழுப்புரத்தில். திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். பதினொரு வருடமாக என் காலைக் காபி அச்சகத்துக்குப் பக்கத்திலுள்ள வசந்தா அக்காவின் கடையில்தான். பெயர்ப்பலகை இல்லாத கடை. நான்கு பெஞ்சுகள். எட்டு மணிக்குள் பஸ் டிரைவர்களும், கோர்ட்டுக்கு வந்தவர்களும், மல்லாட்டை மூட்டைகளோடு வரும் கடலை வியாபாரிகளும் வாசல்வரை நிற்பார்கள். டிகாஷனிலிருந்து ஆற்றித் தருவதுவரை எல்லாம் அக்காவின் கைதான். செல்வி கொண்டுபோய்க் கொடுப்பாள். அக்காவுக்கு ஓமந்தூர்ப் பக்கம். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. "கூட்டத்தப் பாத்தா கை நடுங்கும் தம்பி. டம்ளரப் பாக்கணும்" என்பார்.

பிழை திருத்துகிறவன் கண்ணுக்கு ஓர் எழுத்து கூடுதலாக இருந்தால் உறுத்தும். அப்படித்தான் அது என் கண்ணில் பட்டது. தினமும் கூட்டம் நெரிகிற நேரத்தில், யாரும் கேட்காமலே அக்கா ஒரு காபியைக் கொண்டுபோய்ச் சுவரோர பெஞ்சின் கடைசியில் வைப்பார். அந்த ஓரத்தில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சற்று நேரத்தில் டம்ளர் காலியாகத் திரும்பி வரும்.

"அது யாருக்கு அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இம்மாங் கூட்டத்துல ஒரு ஆளு கூட இருந்தா யாருக்குத் தம்பி தெரியப்போவுது?" என்று சொல்லிவிட்டு அடுத்த டம்ளரை எடுத்தார்.

ஒரு வருடம், மயிலம் முருகன் கோயிலில் பங்குனி உத்திரம். அன்று கடையில் நிற்கக்கூட இடமில்லை. எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று அந்த ஓரத்துக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தேன். டம்ளரில் ஆவி பறந்துகொண்டிருந்தது. கண்ணை எடுக்கவில்லை. ஒரு பெண் என் தோளைத் தொட்டு, மயிலம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். திரும்பி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி பார்த்தேன். டம்ளர் காலி. உள்ளே நுரை வழிந்துகொண்டிருந்தது. தொட்டால் சுட்டது.

பக்கத்தில் வளவனூரிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். இதை யார் குடித்தார்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"இங்க ஒருத்தர் உக்காந்துகினு இருந்தாரே, இப்பதான் எழுந்து போனாரு. 'எதிர்ல இருக்கறவரு ஏன் என்னையே பாத்துகினு இருக்காரு'ன்னு உங்களப் பத்திதான் கேட்டாரு."

"ஆள் எப்படி இருந்தார்?"

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மாறியது. "பாத்தேன் சார். பேசினேன். மூஞ்சி ஞாபகத்துக்கு வரல" என்றார். பிறகு தன் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் கடை ஓய்ந்திருந்தபோது அக்காவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"கடை எடுத்த புதுசுல தினம் பேஜாருதான். வாங்கி வச்ச காபி காலியாயிருக்குதுன்னு ஒருத்தர் மேல ஒருத்தர் பாய்வாங்க. ரெண்டு பேரு சட்டையப் புடிச்சுகினு ரோட்டுக்கே போயிட்டாங்க. அவங்க யாரும் எடுத்துக் குடிக்கலன்னு எனக்குத் தெரியும், நான் பாத்துகினேதான் இருந்தேன். மறுநாள் ஒண்ணு தனியா ஊத்தி ஓரமா வச்சேன். சண்டை நின்னுபோச்சு."

"பயமா இல்லையா அக்கா?"

"இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். அவருக்குக் காபி குடிக்கணும், நாலு பேரு நடுவுல உக்காரணும். நீயும் அதுக்குத்தான வர்ற?"

அதற்குப் பிறகு நான் அந்த ஓரத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தேன். பிடரியில் யாரோ பார்ப்பதுபோல் இருக்கும். ஆனாலும் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை.

போன மாதம் அக்காவுக்கு நெஞ்சுவலி வந்து விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். செல்வி தன் சொந்தக்காரப் பெண் ஒருத்தியைத் துணைக்கு வைத்துவிட்டுக் கடைக்கு வந்தாள். ஆனால் ஓரத்து டம்ளரை வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. இரண்டாம் நாளே கடையில் சண்டை. ஒருவர் இன்னொருவர் கையில் சுடச்சுடக் காபியைக் கொட்டிவிட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் தனியாக இருந்தார். துணைக்கு இருந்த பெண்ணுக்குக் காய்ச்சல் என்று அவரே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

"ஓரத்துல ஊத்துறாளா?" அதுதான் முதல் கேள்வி.

"ஊத்துறா அக்கா" என்று சொல்லிக்கொண்டே கட்டிலருகே கிடந்த நாற்காலியை இழுத்தேன்.

"அதுல உக்காராத."

கை அப்படியே நின்றது.

"பொய் சொல்லாத தம்பி. அங்க ஊத்தியிருந்தா அவரு எதுக்கு இம்மாந் தூரம் வரப்போறாரு?"

நாற்காலியிலிருந்து கையை எடுத்தேன். அக்கா சிரித்தார். காபி வேண்டும் என்றார். "ரெண்டா வாங்கியா" என்றார். கீழே போய் வாங்கி வந்தேன். ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். இன்னொன்றை நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். இரவு நான் துணைக்கு இருக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. படிகளில் ஓட்டமாக இறங்கி வந்துவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலைதான் செல்வியின் அழைப்பு. நான் போய்ச் சேர்ந்ததும் நர்ஸ் கேட்டார்: "கூட இருந்தாரே, அவரு எங்க?"

"யாரு?"

"விடியக்காலைல அவருதான் வந்து கூப்பிட்டாரு. 'கொஞ்சம் வாங்கம்மா, அவங்களுக்கு மூச்சு வாங்குது'ன்னாரு. நாங்க ஓடிப்போறதுக்குள்ள அவரு அம்மா கையப் புடிச்சுகினு உக்காந்துட்டு இருந்தாரு. கடைசிவரைக்கும் விடல."

ஆள் எப்படி இருந்தார் என்று நான் கேட்கவில்லை. அக்காவின் வலது கையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. நாற்காலிப் பக்கம் இருந்த இடது கையில் மட்டும் இன்னும் சூடு இருந்தது.

உடலைத் திண்டிவனம் கொண்டுபோக வண்டி வந்தது. கூட எத்தனை பேர் என்று டிரைவர் கேட்டார். இரண்டு பேர் என்றேன். அவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு, "முன்னாடி வந்து உக்காருங்க சார்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பின்னால் பெஞ்சின் ஒரு நுனியில் உட்கார்ந்து மிச்ச இடத்தைக் காலியாக விட்டேன். திண்டிவனம் வரும்வரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கூட யாரும் இல்லாமல் அக்கா போகவில்லை. உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எனக்கென்று அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. எனக்குப் பயம் போகவில்லை, இனியும் போகாது. அந்தப் பயத்தோடேயே கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்கிறேன்.